பாக்ஸ் போனால் எவ்வளவு ஆகும்? காரமடை ஆம்னிக்கு ஒரு கணக்கு

சுசூகி வண்டிகளின் இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 33920 என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். ஹூண்டாய் என்றால் 39110. காரமடை, மேட்டுப்பாளையம் பட்டறைகளில் இதை ஈசிஎம் என்பார்கள், ஈசியூ என்பார்கள், அவசரத்தில் வெறும் 'பாக்ஸ்' என்பார்கள். "பாக்ஸு போச்சுங்ணா" என்ற சொல் காதில் விழுந்ததும், பழைய வண்டிக்காரர்களில் ஒரு சாரார் வண்டியைத் தள்ளிவிட ஆள் தேடுகிறார்கள். இன்னொரு சாரார் அன்றைக்கே பெட்டி வாங்கக் கோவைக்குப் பஸ் ஏறுகிறார்கள். இரண்டு சாராரும் செய்யாமல் விடுவது கூட்டல் கழித்தல்.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2006 ஜூனில் டிஎன் 40 எண்ணில் பதிவான மாருதி ஆம்னி. 796 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோல். காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் 8 கிலோமீட்டர், கோவை ஏறக்குறைய 28. கடைக்கும் தோட்டத்துக்குமாக நாளுக்கு 40 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள், ஆக 12,000 கிலோமீட்டர். நல்ல நிலையில் லிட்டருக்கு 14 கொடுக்கும். விற்கப் போனால் 75,000 ரூபாய் தேறும். இந்த வண்டியும், கீழே வரும் கடை விலை, கூலி, மைலேஜ் ஆகியவையும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட முழு எண்கள். உங்கள் மெக்கானிக் சொல்லும் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சட்டம், கட்டணம், வரி, மின்னளவு பற்றிய எண்கள் அப்படி வைத்துக்கொண்டவை இல்லை, உள்ளபடியே தந்தவை.

முதலில் பெட்டி செய்யும் வேலை. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் இன்ஜின் ஓடுகிறது, சராசரியாக நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் 1,80,000 சுற்று. நான்கு வீச்சு இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்க வேண்டும். மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு நாளில் 2,70,000 தெளிப்பு, ஆண்டுக்கு 8 கோடியே 10 லட்சம், இருபது ஆண்டுக்கு 162 கோடி. ஒவ்வொரு தெளிப்பும் சில மில்லிசெகண்ட். எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதைக் காற்றழுத்தம், தண்ணீர் சூடு, ஆக்சிலரேட்டர் நிலை, புகையில் மிஞ்சிய ஆக்சிஜன் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு முறையும் பெட்டி புதிதாக முடிவு செய்கிறது.

நம் பக்கத்து வண்டிகளுக்கு இதில் ஒரு கூடுதல் பாடு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். கீழே காற்றழுத்தம் ஏறக்குறைய 97 கிலோபாஸ்கல், மேலே 77. கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஊட்டி போய்ச் சேரும் இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைந்துவிடுகிறது. கார்புரேட்டர் வண்டிக்கு இது தெரியாது. அது கீழே அளந்த அளவிலேயே பெட்ரோலை ஊற்றும், வண்டி மூச்சு முட்டிக் கரும்புகை விடும். பெட்டி வைத்த வண்டி அழுத்த சென்சாரைக் கேட்டுத் தானே அளவைக் குறைத்துக்கொள்கிறது. மலைக்குப் போய்வருகிற குடும்பத்துக்கு இந்தப் பெட்டி ஆடம்பரச் சாமான் ஆகாது.

பெட்டி நம் வண்டிக்குள் வந்ததற்குக் காரணம் சட்டம். உலகத்தில் இது பழைய சங்கதி. 1967-லேயே ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் பாஷ் கம்பெனியின் மின்னணு பெட்ரோல் தெளிப்பு வந்துவிட்டது. தெளிப்பையும் தீப்பொறியையும் ஒரே கம்ப்யூட்டர் கையாளும் முறை 1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. இங்கே 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கட்டிய ஹூண்டாய் சான்ட்ரோ, பிறக்கும்போதே எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் வைத்த மின்னணு தெளிப்பு) இன்ஜினோடு பிறந்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்துக்கு யூரோ புகை விதிகளை நாள் குறித்துக் கட்டாயமாக்கியதும் மாருதியும் அவசரமாக எம்பிஎஃப்ஐக்கு மாறியது. பிஎஸ்-2 புகை விதி நாடு முழுவதற்கும் வந்தது 2005 ஏப்ரல் 1-இல். ஆகவே காரமடை போன்ற ஊரில் அதற்கு முன் பதிவான சின்ன மாருதியில் கார்புரேட்டரும் இருக்கலாம், பெட்டியும் இருக்கலாம். நம் 2006 ஆம்னியில் பெட்டிதான்.

இனி பழுது. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது மிஸ்ஸிங் அடிக்கிறது, செக் லைட் அணையவில்லை, மைலேஜ் 14-லிருந்து 10-க்கு விழுந்துவிட்டது. பட்டறையில் பிளக் மாற்றுகிறார்கள், பெட்ரோல் பில்டர் மாற்றுகிறார்கள், சரியாகவில்லை. அப்போதுதான் 'பாக்ஸ்' என்ற தீர்ப்பு வருகிறது. அதாவது, வேறு எதுவும் தோன்றாதபோது வருகிற தீர்ப்பு.

இந்த இடத்தில் 800 ரூபாய் செலவழிப்பதா வேண்டாமா என்பதுதான் இந்தக் கட்டுரையிலேயே பெரிய கணக்கு. 800 என்பது வண்டி மின்வேலை தெரிந்த ஒருவர் மல்டிமீட்டரும் வயரிங் வரைபடமும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சோதிப்பதற்கான கூலி. பழைய பெட்டி 4,500, மாட்டும் கூலி 300, ஆக 4,800 ரூபாய். மாட்டிப் பார்த்துச் சரியாகவில்லை என்றால் எலெக்ட்ரிக் சாமானைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். 4,800-ஐ 800-ஆல் வகுத்தால் 6. 'பாக்ஸ் போச்சு' என்று சொல்லப்பட்ட ஆறு வண்டிகளில் ஒரே ஒரு வண்டியின் பெட்டி உண்மையில் நன்றாக இருந்தாலே, ஆறு பேரும் கட்டிய சோதனைக் கூலி திரும்பி வந்துவிடுகிறது. புதுப் பெட்டி வாங்குகிறவருக்கு இன்னும் சாதகம். 14,000 பெட்டி, 500 கூலி, மொத்தம் 14,500. வகுத்தால் 18. பதினெட்டில் ஒன்று தப்பான தீர்ப்பாக இருந்தாலே போதும். ஒரு பட்டறைத் தீர்ப்பு பதினெட்டில் ஒரு முறைகூடத் தவறாது என்று பந்தயம் கட்ட நான் தயாராக இல்லை.

என்ன சோதிப்பது? பேட்டரி முதலில். இன்ஜின் ஓடாதபோது 12.4 வோல்ட்டுக்கு மேல், ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள், ஸ்டார்ட்டர் சுற்றும்போது பத்துக்கு மிகக் கீழே இறங்கக் கூடாது. சாகும் பேட்டரி கொண்ட வண்டியில் ஸ்டார்ட்டர் சுற்றுகிற நேரத்தில் பெட்டி மயங்கிவிடும். தள்ளினால் ஓடும், சாவியில் ஓடாது. அடுத்து எர்த். பெட்டியின் எர்த் கம்பிக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் நடுவே மீட்டர் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ துரு. ஆம்னியின் தரைத் தகடு துருப்பிடிப்பது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. ஒரு போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினால் முடிந்துபோகிற வேலைக்குப் பெட்டி மாற்றியவர்கள் உண்டு. பிறகு ஃபியூஸ், மெயின் ரிலே.

இதற்கெல்லாம் அடுத்தது 5 வோல்ட். பெட்டி தன் சென்சார்களுக்கு 5 வோல்ட் கொடுத்து, திரும்பி வரும் அளவைப் படிக்கிறது. ஆக்சிலரேட்டர் சென்சார், காற்றழுத்த சென்சார் இரண்டும் இந்த ஐந்தில் வாழ்கின்றன. இன்ஜின் சூட்டில் காய்ந்த ஒரு கம்பி தகட்டில் உரசி எர்த் ஆகிவிட்டால் 5 வோல்ட் மொத்தமும் பூஜ்யம் ஆகும். எல்லாச் சென்சாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தும். வெளியிலிருந்து பார்த்தால் அப்படியே செத்துப்போன பெட்டி போலத் தெரியும். சோதிக்கும் வழி எளிது: சென்சார் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அங்கேதான் குறை. தோட்டத்து வீட்டில் நிற்கும் வண்டி என்றால் கம்பியைக் கடித்த எலிதான் பெரும்பாலும் குற்றவாளி.

மைலேஜ் விழுந்த வண்டிக்குத் தனியாக ஒரு சோதனை. தண்ணீர் டெம்பரேச்சர் சென்சார் 20 டிகிரியில் இரண்டிலிருந்து மூன்று கிலோ ஓம் காட்டும், 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கும். சூடான இன்ஜினிலும் அது 2,500 ஓமிலேயே நின்றுவிட்டால், இன்ஜின் இன்னும் குளிர்ந்து கிடக்கிறது என்று பெட்டி நம்பும். நம்பி, காலையில் ஊற்றுகிற அளவுக்கு நாள் முழுக்கப் பெட்ரோல் ஊற்றும். பெட்டி சொன்ன வேலையைத்தான் செய்கிறது, சென்சார் பொய் சொல்கிறது. பிஎஸ்-2, பிஎஸ்-3 பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.5 சதவீதம். இப்படி ஓடும் வண்டி அதிலும் தோற்கும்.

இந்தப் பொய்யின் விலை: 12,000 கிலோமீட்டருக்கு 14 மைலேஜில் 857 லிட்டர், 10 மைலேஜில் 1,200 லிட்டர். வித்தியாசம் 343. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 34,600 ரூபாய், ஓடும் நாள் ஒன்றுக்கு 115 ரூபாய். 500 ரூபாய் சென்சாரை மாற்றினால் ஐந்தாம் நாளே போட்ட காசு கைக்கு வந்துவிடும். மாற்றாமல் 'பார்த்துக்கலாம்' என்று ஒரு மாதம் ஓட்டினால் பழைய பெட்டியின் விலையில் பாதிக்கு மேல் புகையாகப் போயிருக்கும்.

ஸ்கேனர் போட்டால் எல்லாம் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். 2006 வண்டியில் தெரியாமலும் போகலாம். குறை சொல்லும் முறை இன்னபடி இருக்க வேண்டும் என்ற விதி பிஎஸ்-4 வண்டிகளோடுதான் வந்தது. அதன் முதல் கட்டம் 2010 ஏப்ரலில், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டி அதனதன் கம்பெனிப் பாஷையில் பேசும். ஆன்லைனில் வாங்கும் மலிவு விலை ப்ளூடூத் சாமான் அந்தப் பாஷை தெரியாமல் முழிக்கும். அது இணைப்புக் கிடைக்கவில்லை என்று காட்டுவதை வைத்துப் பெட்டி செத்துவிட்டதாக முடிவு கட்டுவது பெரிய அநியாயம். பழைய சுசூகி வண்டிகள் சிலவற்றில் செக் லைட்டே கண் சிமிட்டி எண் சொல்லும். 12 என்று சிமிட்டினால் குறை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். வயசான மெக்கானிக்குகளுக்கு இந்த எண்கள் மனப்பாடம்.

சரி, எல்லாம் சோதித்தாயிற்று, மின்சாரம் உள்ளே போகிறது, எர்த் சுத்தம், 5 வோல்ட் வரவில்லை, அல்லது ஒரு இன்ஜெக்டருக்கு மட்டும் துடிப்பு வரவில்லை. பெட்டிதான். இப்போதும் கடைக்கு ஓட வேண்டாம். எதனால் போனது என்று தெரியாமல் மாற்றும் பெட்டி, அடுத்த பெட்டிக்கு முன்பணம்.

இன்ஜெக்டர் சுருளின் மின்தடை 12-லிருந்து 16 ஓம் வரை இருக்க வேண்டும். 14 வோல்ட்டில் 14 ஓம் சுருள் 1 ஆம்பியர் இழுக்கும், பெட்டிக்குள் அதைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் அதைத் தாங்கும். சுருள் உள்ளே ஒட்டிப்போய் 2 ஓமாக இறங்கினால் 7 ஆம்பியர். டிரான்சிஸ்டர் கருகும். புதுப் பெட்டி மாட்டிச் சாவி திருப்பினால் அதுவும் அதே இடத்தில் கருகும். 1,200 ரூபாய் இன்ஜெக்டரை மாற்றாததால் 14,000 ரூபாய் பெட்டி போவது இப்படித்தான்.

மற்ற காரணங்கள் எல்லாம் மனிதக் கைவேலை. பேட்டரி இறங்கிய வண்டியை அருகில் நின்ற லாரியிலிருந்து வயர் கொடுத்து எடுப்பது. லாரியின் மின்சாரம் 24 வோல்ட், ஆம்னியினுடையது 12. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்ட்டர்னேட்டரைச் சோதிப்பது இன்னொன்று. அந்த நொடியில் கம்பிகளில் எழும் அலை, தடுப்பு இல்லாத 12 வோல்ட் வண்டியில், சர்வதேசத் தர விதிகளின்படி 79-லிருந்து 101 வோல்ட் வரை போகலாம். கார்புரேட்டர் காலத்து அம்பாசடரில் இந்தச் சோதனை செய்து பழகிய கை, பெட்டி வண்டியிலும் அதையே செய்கிறது. மூன்றாவது வெல்டிங். துருப்பிடித்த தரைக்குத் தகடு வைத்து ஒட்டும்போது பேட்டரியையும் பெட்டியின் சாக்கெட்டையும் கழற்றுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். எங்கள் ஊர்ப் பக்கம் வெல்டிங் தெரியாத வீதி இல்லை, பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒட்டுகிறவர்தான் குறைவு.

வயதால் சாவதும் உண்டு. பெட்டிக்குள் உள்ள போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறித்த சாமானுக்கு, சூடு பத்துப் பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும். 85 டிகிரியில் 8,000 மணி, 65 டிகிரியில் 32,000 மணி. நம் ஆம்னி ஆண்டுக்கு 450 மணி நேரம் ஓடுகிறது. 85 டிகிரியில் வேகும் பெட்டிக்கு அது ஏறக்குறைய 18 ஆண்டு, 65 டிகிரியில் இருக்கும் பெட்டிக்கு 71 ஆண்டு. இன்ஜினை ஒட்டி வைத்த பெட்டிக்கும் ஆள் உட்காரும் பக்கம் வைத்த பெட்டிக்கும் உள்ள ஆயுள் வித்தியாசம் இதுதான். நாளுக்கு இரண்டு முறை சூடாகி ஆறினால் இருபது ஆண்டில் 12,000 முறை. ஈயப்பற்று வைத்த இடங்களில் மயிரிழை விரிசல் விழ இது போதும். காலையில் ஓடி, மதியம் நின்று, ஆறியதும் மறுபடி ஓடுகிற வண்டியில் இந்த விரிசலைத் தேடலாம்.

இப்போது செலவு. வழி நான்கு. வண்டி நிற்கும் நாளுக்கு மாற்று ஏற்பாட்டுச் செலவு 500 ரூபாய் என்று சேர்த்திருக்கிறேன். இந்த வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

போர்டைப் பழுது பார்ப்பது: 3,000 + மாட்டும் கூலி 300 + மூன்று நாள் 1,500 = 4,800 ரூபாய்
பழைய பெட்டி: 4,500 + 300 + ஒரு நாள் 500 = 5,300 ரூபாய்
பழைய பெட்டி, சாவிக்குள் திருட்டுத் தடுப்புச் சில்லு உள்ள வண்டிக்கு: மேற்படி 5,300 + தகவல் மாற்றும் கூலி 1,500 = 6,800 ரூபாய்
புதுப் பெட்டி: வரி உட்பட 14,000 + 500 + ஏழு நாள் 3,500 = 18,000 ரூபாய்
எல்லாவற்றுக்கும் பொது: சோதனைக் கூலி 800 ரூபாய்

முதல் வழி மலிவு என்பதோடு இன்னொரு நன்மை: உங்கள் பெட்டி உங்கள் பெட்டியாகவே இருக்கிறது. எண் பொருத்தம், சாவிப் பொருத்தம் என்ற தொல்லை இல்லை. கருகிய டிரான்சிஸ்டர், வீங்கிய கெப்பாசிட்டர், விட்டுப்போன ஈயம் ஆகிய மூன்றும் கைதேர்ந்தவர் சரிசெய்யக் கூடியவை. மையச் சில்லே போயிருந்தால் முடியாது, அதை நேர்மையாகச் சொல்கிறவரிடம் கொடுக்க வேண்டும். காரமடையிலிருந்து கோவை போகும் வழியில் பெரியநாயக்கன்பாளையத்தில் வண்டி மீட்டர்களுக்குப் பேர்போன பிரிக்கால், சரவணம்பட்டிக்கு அப்பால் கீரணத்தத்தில் பாஷ் கம்பெனியின் மென்பொருள் மையம். வண்டி மின்னணு படித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஜில்லாவில், இருபது வருஷத்துப் போர்டைத் திறந்து பார்க்கிற ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொழிலுக்கு இங்கே இடம் நிறையக் காலி.

பழைய பெட்டிக்கு உக்கடம், அங்கேயும் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டை. சீட்டில் உள்ள எண்ணின் முதல் ஐந்து இலக்கம் ஒத்துப்போவது 'இது இன்ஜின் கம்ப்யூட்டர்' என்பதற்கு மட்டுமே சாட்சி. பின்னால் வரும் ஐந்தும் ஒத்துப்போனால்தான் அது உங்கள் வண்டியின் கம்ப்யூட்டர். ஆம்னியும் ஆல்டோவும் 800-உம் ஒரே 796 சிசி குடும்பம் என்று கடைக்காரர் சொல்லும் சமாதானத்தை நம்பி வாங்காதீர்கள். சாக்கெட் பொருந்தும், உள்ளே எழுதியிருக்கும் அளவுகள் பொருந்தாது. சாவிக்குள் சில்லு வைத்த திருட்டுத் தடுப்பு வண்டி என்றால், புதிதாக வந்த பெட்டிக்கு உங்கள் சாவியைத் தெரியாது. இன்ஜின் ஒரு நொடி பிடித்து அணையும். உங்கள் பெட்டியின் போர்டில் இருக்கும் எட்டுக் கால் நினைவகச் சில்லிலிருந்து தகவலை எடுத்து, வாங்கி வந்த பெட்டியில் எழுத வேண்டும். சில வண்டிகளில் அந்தச் சில்லின் கொள்ளளவு வெறும் 256 பைட். 1,500 ரூபாய் அதற்குத்தான்.

புதுப் பெட்டி 18,000 என்பதைப் பழையதன் 5,300-ஆல் வகுத்தால் 3.4. மூன்று பழைய பெட்டிகள் அடுத்தடுத்துப் போனாலும் செலவு 15,900-தான், புதியதைவிடக் குறைவு. நாலாவதில்தான் மிஞ்சும். மூன்று முறை வழியில் நிற்பதன் எரிச்சலுக்கு இதில் வரி எதுவும் எழுதவில்லை, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பர்லியாறு பக்கம் நின்றுபோனால் அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வரி விஷயத்தில் ஒரு சின்ன நன்மை: 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் வாகனப் பாகங்கள் அனைத்துக்கும் ஜிஎஸ்டி ஒரே 18 சதவீதம். எந்தப் பாகம் 28, எந்தப் பாகம் 18 என்ற பழைய வாதம் இனி பில்லில் இல்லை.

அடுத்து, இந்தச் செலவுக்கு இந்த வண்டி தகுமா? சோதனையோடு சேர்த்துப் போர்டு பழுது 5,600 ரூபாய். வண்டி விலையான 75,000-இல் 7.5 சதவீதம். புதுப் பெட்டி 18,800, அதாவது 25 சதவீதம். இப்படிப் பார்த்தால் புதுப் பெட்டி அநியாயம். கிலோமீட்டருக்குப் பிரித்தால் படம் வேறு. வண்டி இன்னும் ஐந்து ஆண்டு, 60,000 கிலோமீட்டர் ஓடும் என்றால் போர்டு பழுது கிலோமீட்டருக்கு 9 பைசா, புதுப் பெட்டி 31 பைசா. அதே கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 7 ரூபாய் 21 பைசா. புதுப் பெட்டியே பெட்ரோல் செலவில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. ஒரே ஆண்டு ஓட்டிவிட்டு விற்பதாக இருந்தால் 47 பைசா, 1 ரூபாய் 57 பைசா. ஆகவே கேட்க வேண்டியது 'பெட்டி என்ன விலை' என்று இல்லை, 'வண்டிக்கு இன்னும் எத்தனை ஆண்டு' என்று. அதற்கு விடை போனெட்டுக்குள் கிடைக்காது, வண்டிக்கு அடியில் படுத்துத் தரைத் தகட்டையும் சேசிஸையும் தட்டிப் பார்த்தால் கிடைக்கும்.

அரசாங்கமும் இந்த ஆண்டுக் கணக்கில் ஒரு கை வைத்திருக்கிறது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டு, அதன் பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். நம் ஆம்னி 2021 ஜூனில் புதுப்பித்தபோது மத்திய விதிப்படியான கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000. ஜிஎஸ்டி, பசுமை வரி தனி. ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு 17 பைசா, போர்டு பழுதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2006 ஜூன் வண்டிக்கு அடுத்த புதுப்பிப்பு 2026 ஜூன். பெட்டிச் செலவையும் பதிவுச் செலவையும் சேர்த்து ஒரே கணக்காகப் பார்ப்பதுதான் புத்தி. 5,600-உம் 10,000-உம் 15,600. இந்தத் தொகைக்கு ஐந்து ஆண்டு ஓட்டம் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

கிடைக்காது என்றால் உடைப்பது. 2021-இல் அறிவித்த வாகன உடைப்புக் கொள்கைப்படி, பதிவு பெற்ற உடைப்பு மையம் புது வண்டியின் ஷோரூம் விலையில் 4-லிருந்து 6 சதவீதம் வரை தரலாம். ஐந்து லட்ச ரூபாய் வண்டிக்கு 20,000-லிருந்து 30,000. அதோடு தரும் சான்றிதழைக் காட்டினால் புதுச் சொந்த வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மாநிலங்களுக்கு வழி இருக்கிறது. 75,000 தேறும் ஓடுகிற ஆம்னியை 25,000-க்கு உடைப்பது நஷ்டம். ஓடாத ஆம்னிக்குச் சந்தையில் 25,000 கேட்க ஆள் இருக்கிறதா என்று விசாரித்த பிறகு பேசலாம்.

டீசல் வண்டிக்காரர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். 2005-இல் வந்த முதல் டாடா ஏஸ், நம் ஊர் குட்டி யானை, 702 சிசி, 16 குதிரைத்திறன். அதன் டீசல் பம்பு பழைய இயந்திர வகை. ஆனால் காமன் ரயில் வந்த பிக்கப், ஸ்கார்பியோ, ஸ்விஃப்ட் டீசல் வேறு சாதி. ஆயிரம் பாருக்கு மேலான அழுத்தம், பேட்டரியைவிடப் பல மடங்கு வோல்ட்டில் தட்டி எழுப்ப வேண்டிய இன்ஜெக்டர்கள். பல வண்டிகளில் இன்ஜெக்டரின் தலையில் பொறித்த திருத்த எண்ணைப் பெட்டிக்குள் எழுதவும் வேண்டும். பெட்டி விலையும் கூலியும் இரண்டு மூன்று மடங்கு ஆகும். சோதனைக் கூலி மட்டும் அவ்வளவாக ஏறாது, ஆகவே சோதனையின் லாபம் டீசலில் இன்னும் அதிகம்.

இது கார்க்காரர் கவலை மட்டும் என்றும் இருந்துவிட முடியாது. 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 வந்ததும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100-லேயே கார்புரேட்டர் போய் எலெக்ட்ரானிக் தெளிப்பு வந்துவிட்டது. கறிவேப்பிலைக் கட்டும் பால் கேனும் ஏற்றிக் காரமடைச் சந்துகளில் ஓடும் அந்த வண்டிக்குள்ளும் இப்போது ஒரு பெட்டி. முதல் வரிசை வண்டிகள் 2035-இல் பதினைந்தைத் தொடும்.

ஆம்னிக்கு என் தீர்ப்பு இது: தரைத் தகடு உறுதியாக இருந்தால் முதலில் 800 ரூபாய் சோதனை, பிறகு காரணத்தைச் சரிசெய்வது, பிறகு போர்டு பழுது. அது முடியாதபோது எண் முழுதும் ஒத்த பழைய பெட்டி. புதுப் பெட்டி, ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கப் போகிறவருக்கு மட்டும். தகடு போயிருந்தால் பெட்டிக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். எந்த வழியில் போனாலும் கழற்றிய பெட்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். சாவியில் சில்லு உள்ள வண்டி என்றால் உங்கள் சாவியின் தகவல் அதற்குள்தான் இருக்கிறது. அடுத்த முறை அதைப் படித்து எழுத வேண்டி வரும். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சீட்டில் உள்ள எண்ணைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.